சிக்னல் நெரிசலில் இடையில் புகுந்து போகும் பைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்திலிருந்து அண்ணா சாலைக்கு இருபது வருஷத்துக்கும் மேலாக பைக்கில் போய் வருகிறேன். வண்டி வாங்கியிருக்கும் தம்பி, தங்கைகளும், பிள்ளைக்கு வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டு இரவு வாசலில் காத்திருக்கும் அப்பா, அம்மாக்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது பெரும்பாலும் சென்னைச் சாலைகள்தான். மதுரையிலும் கோவையிலும் நெரிசல் வேறு மாதிரி இருக்கலாம், பஸ்ஸின் பின்சக்கரம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இடையில் புகுந்து போவது என்று எதைச் சொல்கிறீர்கள்?

பேச்சில் எல்லாவற்றையும் ‘கேப்ல பூந்து போறது’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் அதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. சிவப்பு விளக்கில் எல்லா வண்டியும் நின்றிருக்கும்போது அவற்றுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து முன்னால் போவது ஒன்று. வண்டிகள் நாற்பது, ஐம்பதில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றைவிட வேகமாக நடுவில் வெட்டி வெட்டிப் போவது இன்னொன்று. முதலாவதைக் கவனமாகச் செய்யலாம் என்பது என் கருத்து. இரண்டாவதை யாரும், எந்த அவசரத்திலும் செய்யக் கூடாது. இந்த வித்தியாசம் புரியாமல் “நான் தினமும்தான் போறேன், ஒண்ணும் ஆகலையே” என்று சொல்பவர்களோடுதான் எனக்கு வாக்குவாதமே.

இது சட்டப்படி சரியா?

இந்தியச் சட்டத்தில் இரு சக்கர வண்டி இப்படிப் போகலாம் என்று தனியாக அனுமதிக்கும் விதி கிடையாது. 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், கோடு போட்ட சாலையில் அவரவர் லேனுக்குள் போக வேண்டும், மாறுவதற்கு முன் சைகை காட்ட வேண்டும் என்கின்றன. முந்துவது பொதுவாக வலது பக்கமாகத்தான். இது போக, மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு சிவப்பு விளக்கைத் தாண்டுவது, ஓட்டும்போது போனைக் கையில் வைத்திருப்பது, விதிக்குப் புறம்பாக முந்துவது, எதிர்த்திசையில் வருவது எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. உயர்த்தப்பட்ட அபராதங்களை தமிழ்நாடு 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஹெல்மெட் போடாததற்கு 100 ரூபாயாக இருந்தது 1000 ஆனது அப்போதுதான்.

நின்ற வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து போகிறவரைப் போலீஸ்காரர் மடக்கி நான் பார்த்ததில்லை. அதற்காக அது உரிமை ஆகிவிடாது. ஏதாவது ஆகி வழக்கு என்று வந்தால், “எல்லாரும் போறாங்க சார்” என்பது பதில் ஆகாது.

அப்படியென்றால் வரிசையில் காருக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதானே?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மே மாதம் மதியம் ஒரு மணிக்கு, ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, முன்னால் நிற்கும் லாரியின் புகைக்குழாய்க்கு நேராக ஒரு சிக்னல் நேரம் நின்று பாருங்கள். 2024 கோடையில் சென்னை மாநகராட்சி சில சிக்னல்களில் பச்சை நிழல்வலைப் பந்தல் போட்டது யாருக்காக? நமக்காகத்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வரிசையின் கடைசியில் நிற்கும் பைக்கைப் பின்னால் வரும் வண்டி இடித்தால் முன்னால் நிற்கும் காருக்கும் அதற்கும் நடுவில் நாம் நசுங்குவோம். கார்க்காரரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது, நமக்கு இல்லை. ஆகவே நின்ற வரிசைக்குள் கொஞ்சம் உள்ளே போய் நிற்பதில் ஒரு பாதுகாப்பும் உண்டு.

நம் ஊர் நெரிசலை ஆராய்பவர்கள் இதற்குக் கசிவு என்று பொருள்படும் ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். கூழாங்கல்லுக்கு நடுவே தண்ணீர் கசிவதுபோல் சின்ன வண்டிகள் பெரிய வண்டிகளின் இடைவெளிகளில் முன்னேறுகின்றன. கசிந்தால் பிழை இல்லை. அதே தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போதுதான் ஆள் போகிறான்.

வெளிநாடுகளில் இதற்கு அனுமதி உண்டா?

பல இடங்களில் உண்டு, ஆனால் கட்டுப்பாட்டோடு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014 ஜூலை 1 முதல் அனுமதிக்கிறது. வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, முழு உரிமம் வைத்திருப்பவர் மட்டுமே போகலாம், பள்ளி மண்டலத்தில் கூடாது, சாலை ஓரத்தை ஒட்டியும் கூடாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2019-இல் அனுமதி வந்தது. அங்கே நின்றுவிட்ட வண்டிகளுக்கு நடுவே மட்டும், மணிக்கு 24 கிலோமீட்டருக்குள் போகலாம். பிரான்ஸ் பல வருஷம் சோதனை செய்து பார்த்துவிட்டு 2025 ஜனவரியில் விதியாக்கியது. நகர நெடுஞ்சாலை போன்ற பெரிய சாலைகளில் மட்டும்தான், அதுவும் 50 கிலோமீட்டருக்கு மேல் கூடாது.

இந்த எண்களைச் சேர்த்துப் பாருங்கள். இவ்வளவு ஒழுங்காக லேனில் ஓடும் ஊர்களே 24, 30, 50 என்று கடிவாளம் போட்டிருக்கின்றன.

கலிபோர்னியா ஆய்வில் இதுதான் பாதுகாப்பு என்று வந்திருப்பதாகச் சொல்கிறார்களே?

அந்த ஆய்வை அரைகுறையாகத்தான் பகிர்கிறார்கள். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2015-இல் வெளியிட்டது. 2012 ஜூன் முதல் 2013 ஆகஸ்ட் வரை விபத்தில் சிக்கிய 5,969 பைக் ஓட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 997 பேர் விபத்தின்போது இடையில் புகுந்து போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களில் தலைக்காயம் 9 சதவீதம், மற்றவர்களில் 17. இறந்தவர்கள் 1.2 சதவீதம், மற்றவர்களில் 3. பகிரப்படுவது இதுவரைதான்.

மீதியைக் கேளுங்கள். புகுந்து போனவர்களில் 38 சதவீதம் பேர் முன்னால் இருந்த வண்டியின் பின்பக்கம் மோதியிருக்கிறார்கள். மற்றவர்களில் அது 16 சதவீதம்தான். இது விபத்துக்குள்ளானவர்களுக்குள் செய்த ஒப்பீடு. புகுந்து போனால் விபத்து குறையும் என்று அது சொல்லவில்லை. அது சொல்வதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: சுற்றியுள்ள வண்டிகளைவிட சுமார் 24 கிலோமீட்டர் வரை கூடுதல் வேகத்தில் போனவர்களுக்குக் காயம் பெரிதாகக் கூடவில்லை, அதைத் தாண்டினால் கூடியது. அங்கே கூட்டமாக ஓடுவது கார்கள். நம் ஊரில் மாடு, மாநகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ, குறுக்கே கடக்கும் பாட்டி எல்லாம் உண்டு. அந்த எண்ணை அப்படியே இங்கே எடுத்துவர முடியாது. என் கணக்கில் இங்கே 15-க்கு மேல் கூடாது.

எவ்வளவு இடம் இருந்தால் போகலாம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல சாலையில் ஒரு லேன் மூன்றரை மீட்டர். பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டருக்கு மேல். அடுத்தடுத்த லேன்களில் இரண்டு பஸ்கள் நட்டநடுவாக நின்றால் அவற்றுக்கு இடையே கிடைப்பது ஒரு மீட்டருக்கும் குறைவு. உங்கள் ஹேண்டில் பார் முக்கால் மீட்டர் இருக்கும். ஆக, இரண்டு பக்கமும் மிஞ்சுவது ஒரு சாண் கூடக் கிடையாது. அந்த மிச்சத்தில்தான் உங்கள் முட்டி, பஸ்ஸின் கண்ணாடி, ஜன்னலில் இருந்து நீளும் ஒரு கை எல்லாம் இருக்க வேண்டும். இரண்டு பஸ், அல்லது பஸ்ஸும் லாரியும் என்றால் நான் போகவே மாட்டேன். நின்றிருந்தாலும் போக மாட்டேன்.

கார்கள் என்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல் கிடைக்கலாம். ஆனால் நம் சாலையில் இரண்டு லேனில் மூன்று வரிசை நிற்குமே! அதனால் அளவு கண்ணில்தான். கிளட்சைப் பிடித்து, காலை ஊன்றி ஊன்றித்தான் போக முடியும் என்றால் அது இடம் இல்லை. பக்கத்துக் கண்ணாடியை மடக்கினால்தான் நுழையும் என்றாலும் இல்லை.

முன்னால் ஒரு பைக் போய்விட்டதே என்று ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் போனதும் இடம் சுருங்கும். அவர் தப்பித்த கார் திரும்பும், நீங்கள் மாட்டுவீர்கள்.

எந்த வேகத்தில்?

நின்ற வரிசை என்றால் 15 கிலோமீட்டர். வேகமாக ஓடும் ஆளின் வேகம். வரிசை நகர ஆரம்பித்ததும் ஏதாவது ஒரு வண்டிக்குப் பின்னால் இடம் பார்த்து லேனுக்குள் சேர்ந்துவிடுவேன். இது ஒன்றை மட்டும் பழகிக்கொண்டால் போதும், பாதி ஆபத்து போய்விடும்.

ஏன் 15? மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் ஒரு வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல். ஆபத்தைப் பார்த்து, கை பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகும். அதற்குள் இரண்டு கார் நீளம் கடந்திருப்பீர்கள், பிரேக் இன்னும் பிடிக்கவே ஆரம்பித்திருக்காது. 15-இல் அது 4 மீட்டர்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. 2011-இல் ஒரு மழை நாள் சாயங்காலம், தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில், சிக்னலில் நின்ற கார்களுக்கு நடுவே 30-க்கும் மேல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வாடகைக் காரில் பின்சீட்டுக்காரர் அங்கேயே இறங்க முடிவு செய்துவிட்டார். கதவின் ஓரம்தான் எனக்குத் தெரிந்தது, முழுக் கதவு கூடத் தெரியவில்லை. இடது மணிக்கட்டு முறிந்தது. சுண்டுவிரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. அவர் பார்க்காமல் திறந்தது தப்புதான். ஆனால் 15-இல் போயிருந்தால் கதவுக்கு முன்னால் நின்றிருப்பேன்.

பஸ், லாரிக்கு இடதுபக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது. போகலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

நம் ஊரில் டிரைவர் வலதுபக்கம் உட்காருகிறார். வண்டியின் இடது முன்மூலை அவரிடமிருந்து இரண்டு மீட்டருக்கும் மேல் தள்ளி, ஆளுயரத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே நிற்கும் பைக் அவருக்குத் தெரிவது கஷ்டம். அவர் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

அடுத்தது திருப்பம். நீளமான வண்டி இடதுபக்கம் திரும்புவதற்கு முன் கொஞ்சம் வலதுபக்கம் ஒதுங்கும். அப்படி ஒதுங்கினால்தான் பின்பாகம் முனையில் ஏறாமல் திரும்பும். அது ஒதுங்கும்போது இடதுபக்கம் அழகாக ஒரு வழி திறக்கும். ‘நமக்கு வழி விடுகிறார்’ என்று பைக் உள்ளே போகும். உடனே முன்பாகம் இடதுபக்கம் சாயும். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, இன்னும் உள்ளே, முனையை ஒட்டி வெட்டிக்கொண்டு வரும். எண்ணூர், மணலி பக்கம் ஓடும் கன்டெய்னர் லாரியில் இந்த வெட்டு மிகப் பெரியது. பைக்கை இடித்ததுகூட டிரைவருக்குத் தெரியாமல் போகலாம், அவ்வளவு எடை. நம் தெருக்களில் ஓடும் தண்ணி லாரி அவ்வளவு நீளம் இல்லை, ஆனால் சந்து குறுகல்.

பஸ்ஸின் இடதுபக்கத்தில் இன்னொரு ஆபத்து படிக்கட்டு. நிறுத்தத்தில் ஓரமாக வராமல் ஒரு லேன் தள்ளி நின்றுவிடும். ஜனங்கள் இறங்கும் அந்த இடைவெளியில் நாம் போனால் அடிபடுவது நாம் இல்லை, பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கும் அம்மாதான். பஸ் நின்றால் பின்னால் நில்லுங்கள். இருபது வினாடிதான்.

போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

காரின் முன்சக்கரத்தை. இண்டிகேட்டர் பொய் சொல்லும், சக்கரம் சொல்லாது. அது லேசாக உங்கள் பக்கம் திரும்பினால் கார் வரப்போகிறது. ஆட்டோ என்றால் அண்ணனின் தோளைப் பாருங்கள். அவர் திருப்பும் முன் தோள் சாயும், சில சமயம் ஒரு கால் வெளியே வரும். வாடகைக் கார், ஆட்டோவின் பின்சீட்டில் யாராவது பர்ஸை எடுத்தால் இறங்கப்போகிறார் என்று அர்த்தம். ஒரு லேன் நின்று பக்கத்து லேன் ஓடினால், நிற்கும் லேனிலிருந்து யாராவது வெளியே பாய்வார்கள் என்று எதிர்பாருங்கள். நின்ற பெரிய வண்டிக்கு முன்னால் திடீரென்று இடம் காலியாக இருந்தால், யாரோ சாலையைக் கடக்கிறார்கள், அதற்காகத்தான் அந்த டிரைவர் நிற்கிறார்.

இரண்டு விரல் முன் பிரேக் மேல், வலது கால் பின் பிரேக் மேல் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

ஹாரன் அடித்துக்கொண்டே போனால் பாதுகாப்புதானே?

இல்லை. எல்லோரும் அடிக்கும் ஊரில் யார் அடிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் தானாக எரியும். அது ஹாரனைவிட உதவும்.

சிக்னலில் முன்னால் போய் எங்கே நிற்பது?

நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால், இரண்டு கார்களுக்கு நடுவே அல்லது ஒரு காருக்கு முன்னால். வரிக்குதிரைக் கோட்டின் மேல் நின்றால் நடப்பவர்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலைக்குப் போக வேண்டியிருக்கும்.

பெரிய லாரியின் மூக்குக்கு நேர் கீழே போய் நிற்காதீர்கள். முகம் தட்டையான லாரியில் டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடிக்குக் கீழே இருப்பது அவருக்குத் தெரியாது. பச்சை விழுந்ததும் நம் வண்டி ஆஃப் ஆகிவிட்டால்? இந்த ஒரு கேள்வியை நினைத்தால் அங்கே நிற்கத் தோன்றாது. தைவானில் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் பைக்குகளுக்கென்றே ஒரு பெட்டி வரைந்திருப்பார்கள். நம் ஊர்ச் சிக்னல்களிலும் அதைச் செய்தால் நிறைய உயிர் மிஞ்சும் என்று நம்புகிறேன்.

பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால்?

புகுந்து போகாதீர்கள். உங்கள் முட்டி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அவர்கள் முட்டி தெரியாது. புடவை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கால்கள் இடதுபக்கம் அரையடி வெளியே நிற்கும். குழந்தை இருந்தால் பேச்சே வேண்டாம், வரிசையில் நில்லுங்கள். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, வாரைப் பூட்டி.

மழையில், மெட்ரோ வேலை நடக்கும் சாலையில்?

அங்கே கூடாது. சாலையில் வரைந்த வெள்ளைக் கோடு நனைந்தால் வழுக்கும், இடைவெளியில் போகிறவரின் சக்கரம் அந்தக் கோட்டின் மேல்தான் ஓடும். மெட்ரோ பள்ளத்தை மூடிய இரும்புத் தகடு அதைவிட மோசம். தடுப்பு வைத்துச் சாலை சுருங்கும் இடத்தில் எல்லா வண்டியும் ஒரே பக்கம் சாயும். டிவைடரை ஒட்டிய ஓரத்தில் மணலும் ஜல்லியும் சேர்ந்திருக்கும், பிரேக் போட்டால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது.

டெலிவரி வேலை செய்கிறேன். மெதுவாகப் போனால் கட்டுப்படி ஆகாதே?

உங்கள் மேல் இருக்கும் நேர நெருக்கடி உண்மை, அதைக் கொடுப்பவர்கள் குளிரூட்டிய அறையில் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. என்னால் சொல்ல முடிந்தது இரண்டு. தோளில் மாட்டும் பெரிய பை உங்கள் ஹேண்டிலைவிடப் பின்னால் தள்ளி வருகிறது, முன்பாகம் நுழைந்த இடத்தில் பை இடித்துத் தள்ளிவிடும். அப்புறம், அடுத்த ஆர்டர் வரும் சத்தம் கேட்டதும் கண் போனுக்குப் போகும். அந்த அரை வினாடியில் இடைவெளிக்குள் இருக்காதீர்கள். லேனுக்குள் சேர்ந்த பிறகு, நின்று பாருங்கள்.

நான் கார் ஓட்டுகிறேன். என்னால் என்ன செய்ய முடியும்?

நிறைய. லேன் மாறும் முன் இண்டிகேட்டர் போட்டு மூன்று எண்ணுங்கள். பைக் வருகிறது என்று கோபத்தில் இடைவெளியை அடைக்காதீர்கள், அவன் ஏற்கெனவே உள்ளே இருந்தால் நசுங்குவான். கதவுதான் முக்கியம்: டிரைவர் கதவை வலது கையால் திறக்காமல் இடது கையை நீட்டித் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருவது கண்ணில் படும். வண்டியை ஓரம் கட்டிய பிறகு, பின்சீட்டில் இருப்பவர்களை இடதுபக்கமாக மட்டும் இறங்கச் சொல்லுங்கள். வலதுபின் கதவுக்குக் குழந்தைப் பூட்டு போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

பைக்குக்குத் தனிப் பாதை போட்டால் பிரச்சினை தீராதா?

பெரும்பகுதி தீரும். மலேசியாவில் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் போகும் ஃபெடரல் நெடுஞ்சாலையில் 1970-களிலிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தனித் தடம் இருக்கிறது. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், அதில் 44.5 சதவீதம் இரு சக்கர வண்டிக்காரர்கள். அதே வருஷம் தமிழ்நாட்டில் 64,105 விபத்து, நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884. இந்த எண்களைப் பார்த்த பிறகும் புதிதாகப் போடும் அகலச் சாலைகளில் பைக்குக்கு ஒரு தடம் ஒதுக்காமல் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பக்கத்தில் ஒருவர் விழுந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள். அப்புறம் 108. மூச்சு விடக் கஷ்டப்பட்டால் தவிர ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், கழுத்து எலும்பில் அடி இருக்கலாம். தண்ணீர் கொடுக்க வேண்டாம். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்று பயப்பட வேண்டாம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவியவருக்குப் பாதுகாப்பு தருகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். பணம் இருக்கிறதா என்று யோசித்து நேரத்தை விடாதீர்கள்.

நான் விழுந்த அன்று எனக்குப் பின்னால் வந்த ஒரு ஆட்டோ அண்ணன் தன் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினார். பின்னால் அத்தனை ஹாரனும் அலறியது, அவர் நகரவில்லை. மழையில் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “கழுத்து வலிக்குதா தம்பி? காலை அசைக்க முடியுதா?” என்று கேட்டுவிட்டு, நான் அசைத்துக் காட்டிய பிறகுதான் என்னைத் தொட்டார்.